தையற் கூடத்திற்கு ஏற்ற சுழல் கத்தி

கிராமத்தில் ஒரு சிறு தொழில் வேரூன்ற வேண்டுமானால் முதலீடு வேண்டும். மூலப் பொருள் வேண்டும். விற்பனைக்கு வழி வேண்டும். இம்மூன்றையும் பற்றிப் பேசாத கூட்டமில்லை. ஆயின், இவற்றிற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடைய நான்காவது ஒன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வேலை செய்பவர் நாள் முழுவதும் கையில் பிடித்திருக்கும் கருவியே அது. கருவி கைக்குப் பொருந்தினால் வேலை விரைவில் முடியும். பொருந்தாவிடில் கை வலிக்கும், பொருள் கெடும், சில வேளைகளில் இரத்தமும் சிந்தும்.

அத்தகைய கருவிகளுள் ஒன்றை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக் கொள்வோம். துணி வெட்டும் சுழல் கத்தி அது. கடைகளில் இதனை ரோட்டரி கட்டர் என்பார்கள். கைப்பிடியின் நுனியில் வட்டமான பிளேடு ஒன்று சக்கரம்போல் பொருத்தப்பட்டிருக்கும். துணியின்மீது அதனை அழுத்தி உருட்டினால் துணி வெட்டுப்படும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மின்சாரத்தால் இயங்கும் வெட்டு இயந்திரம் வேறு. கையாலேயே உருட்டப்படும் இச்சிறு கத்தி வேறு.

இக்கத்தி யாருக்குத் தேவைப்படும்? தையல் தொழில் நடத்தும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பல, இரவிக்கை, பாவாடை தைப்பதோடு நில்லாமல், துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வைகளும் மெத்தை விரிப்புகளும் தைக்கலாம். குவில்ட் என்று வெளிச் சந்தையில் வழங்கும் ஒட்டுப் போர்வை இதுவே. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடியில் ஒரு முழுத் துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைப்பதே இதன் அமைப்பு. கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் பெருமளவில் தயாராகின்றன. அத்தகைய இடங்களில் மிஞ்சும் பருத்தித் துண்டுகள் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை. திருப்பூர்ப் பின்னலாடைத் துண்டுகளையும் பயன்படுத்தலாம். அவை இழுபடும் தன்மை உடையனவாதலால் வெட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

இத்தகைய தொழிலில் இறங்கும் குழு, கத்தி வாங்கத் தீர்மானித்தவுடன் என்ன செய்கிறது? மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்கிறது. அவற்றுள் குறைந்ததை ஏற்கிறது. பொதுப் பணத்தைச் செலவிடுவதில் இது நல்ல பழக்கமே. நாற்காலி வாங்குவதற்கும் நூற்கண்டு வாங்குவதற்கும் இது போதும். ஆனால் சவர பிளேடுக்கு ஒப்பான கூர்மையுடைய ஒரு கருவியை, ஒரே கூடத்தில் பலர் மாற்றி மாற்றிக் கையாளப் போகும்போது, விலையை மட்டும் பார்ப்பது போதாது. யாருடைய கை அதனைப் பிடிக்கப் போகிறது, வெட்டி முடித்த பின் அதன் பிளேடு எவ்வாறு மூடிக் கொள்கிறது என்னும் இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

கத்தரிக்கோல் போதாதா?

கத்தரிக்கோல் இருக்கும்போது மற்றொரு கருவி எதற்கு என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்விதான். ஒரு சிறு கணக்கால் விடை கூறுவோம்.

60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள ஒரு போர்வையை, தைத்து முடிந்த பின் 5 அங்குலம் நிற்கும் சதுரங்களால் அமைப்பதாகக் கொள்வோம். குறுக்கே 12, நெடுக்கே 18, ஆக 216 சதுரங்கள் வேண்டும். தையலுக்கு ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் விட வேண்டுமாதலால், ஒவ்வொரு துண்டையும் ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். துண்டு ஒன்றிற்கு 4 ஓரங்கள் வீதம் 864 ஓரங்கள் ஆகின்றன. கத்தரிக்கோலின் கீழ் அலகு துணியின் அடியில் நுழைந்து அதனை மேசையினின்று தூக்கி விடுகிறது. தூக்கிய துணி சற்றே நகர்கிறது. ஒவ்வொரு துண்டும் அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு மட்டும் குறைந்தது என்று வைத்துக் கொண்டாலும், 12 துண்டுகள் சேர்ந்த வரிசை முக்கால் அங்குலம் குறுகிவிடும். ஒரு வரிசை குறுகி, அடுத்த வரிசை குறுகாமல் இருந்தால் மூலைகள் பொருந்தா. போர்வை சுருங்கி நெளியும். வாங்க வந்தவர் திருப்பித் தந்துவிடுவார்.

சுழல் கத்தியில் துணி மேசையின்மீது படிந்தபடியே இருக்கிறது. அளவுகோலின் ஓரத்தை ஒட்டிக் கத்தி செல்வதால் வெட்டு நேராக அமைகிறது. நான்கு அடுக்குகளைச் சேர்த்து வெட்டினால் 216 துண்டுகளும் 54 அடுக்குகளில் முடிந்து விடும். கத்தரிக்கோலைப் பல நூறு முறை திறந்து மூடுவதால் கட்டை விரலின் அடிப்பகுதியில் உண்டாகும் வலியும் வெகுவாகக் குறைகிறது. எனினும் வளைந்த கழுத்து வெட்டுக்கும், நூல் முனை நறுக்குவதற்கும் கத்தரிக்கோலே ஏற்றது. ஒன்று வந்ததால் மற்றொன்றை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

இக்கருவியின் வரலாறு

ஜப்பானில் ஒசாகா நகரத்தில் அச்சுத் தொழில் செய்து வந்த யோஷியோ ஒகாடா என்பவர், பிளேடு மழுங்கியதும் அதன் நுனியை மட்டும் ஒடித்துவிட்டுப் புதிய நுனியால் வேலையைத் தொடரும் கத்தியை 1956-ல் உருவாக்கினார். இன்று நம் கடைத் தெருக்களிலும் கிடைக்கும் ஒடிக்கும் கத்திக்கு மூலம் அதுவே. ஜப்பானிய மொழியில் ஒடிக்கும் பிளேடு என்று பொருள்படும் சொற்களிலிருந்தே ஓல்ஃபா என்னும் நிறுவனப் பெயர் பிறந்தது. அந்நிறுவனம் 1979-ல் சுழல் கத்தியை வெளியிட்டது. ஆடை தைப்போரை எண்ணியே அது செய்யப்பட்டதாயினும், ஒட்டுப் போர்வை தைப்போரே அதனைப் பெரிதும் வரவேற்றனர். நீண்ட நேர் வெட்டுகளே அவர்கள் வேலையில் மிகுதி என்பதே இதற்குக் காரணம். இப்போது பல நிறுவனங்கள் இதனைச் செய்கின்றன. வகைகள் பெருகியதனாலேயே தேர்ந்தெடுப்பதில் கவனமும் தேவையாயிற்று.

அரிவாள்மனையும் சுழல் கத்தியும்

நம் பெண்மக்கள் கூரிய கருவிக்குப் புதியவர்கள் அல்லர். சிறு வயதிலிருந்தே அரிவாள்மனையில் காய் நறுக்கிப் பழகியவர்கள். ஆயினும் அந்தப் பழக்கத்திற்கும் இந்தக் கருவிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரிவாள்மனையில் அலகு அசையாமல் நிற்கிறது. கைகள் அதனை நோக்கிச் செல்கின்றன. அதனால் கண் கைகளை விட்டு அகலுவதில்லை. சுழல் கத்தியிலோ ஒரு கை அளவுகோலை அழுத்திக் கொண்டு அசையாமல் கிடக்கிறது. பிளேடு அதன் பக்கமாக ஓடுகிறது. கண் ஓடும் பிளேடையே தொடர்கிறது. அசையாத கை நினைவிலிருந்து நழுவி விடுகிறது. அளவுகோலின் விளிம்பிற்கு வெளியே ஒரு விரல் நுனி நீண்டிருந்தாலும், பிளேடு அளவுகோலின்மீது ஏறிவிட்டாலும் வெட்டுப்படுவது அந்தக் கையே. ஆகவே வலக் கைப் பழக்கமுள்ளவருக்கு ஆபத்து அதிகம் இருப்பது இடக் கைக்கு என்பதைப் புதிதாகப் பழகுவோர் மனத்தில் இருத்த வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, திறந்தபடி விட்டுவிட்ட பிளேடு. மேசை முழுவதும் துணித் துண்டுகள் பரந்து கிடக்கும். அவற்றின் அடியில் திறந்த கத்தி மறைந்திருந்தால், துணியை எடுக்க நீளும் கை அதன்மீதுதான் படும். மேசையிலிருந்து கத்தி உருண்டு விழுந்தாலோ, செருப்பை வாயிலில் கழற்றி விட்டு வெறுங்காலுடன் நிற்கும் நம் மகளிரின் பாதத்தில் விழும்.

காய் நறுக்கி முடிந்ததும் அரிவாள்மனையைச் சாய்த்து வை என்று சொல்லாத தாய் நம் நாட்டில் இல்லை. எழுந்து சென்று அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணும்போதும் அதனைச் சாய்த்து விட்டே எழுவார்கள். அந்த நல்வழக்கத்தையே சுழல் கத்திக்கும் கொண்டு வர வேண்டும். ஒரு வெட்டு முடிந்தது என்றால் பிளேடு மூடப்பட்டது என்று பொருளாக வேண்டும். அடுத்த வெட்டு அரை நிமிடத்தில் வருவதானாலும் மூடியே கீழே வைக்க வேண்டும். கத்தியைத் தேர்ந்தெடுப்பதும் இந்த ஒரு வழக்கத்தை எளிதாக்கும் வகையில் அமைய வேண்டும்.

மூன்று வகைப் பிடிகள்

கடைகளில் கிடைக்கும் கத்திகளைப் பிடியின் அமைப்பைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நேரான பிடி. பிளேடை மறைக்கும் உறையைக் கட்டை விரலால் தள்ளித் திறக்கவும் மூடவும் வேண்டும். பெரும்பாலும் விலை குறைந்தது இதுவே. அமைப்பு எளியது, பழுதாவதும் குறைவு. ஆனால் மூட வேண்டும் என்பதைக் கையாள்பவர் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். மறந்தால் பிளேடு திறந்தே இருக்கும்.

இரண்டாம் வகை, அழுத்து பிடி. பிடியை உள்ளங்கையால் அழுத்தும்போது மட்டும் பிளேடு வெளியே வரும். பிடி தளர்ந்ததும் தானே உள்ளே போய்விடும். கை நழுவினாலும், யாராவது கூப்பிட்டுத் திரும்பினாலும் பிளேடு மூடிக் கொள்கிறது. மறதிக்கு இதில் இடம் குறைவு. ஆயினும் இவற்றுட் சிலவற்றில், பிளேடைத் திறந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கும் பூட்டும் உண்டு. அந்தப் பூட்டைப் போட்டு வைத்தால் இது முதல் வகைக் கத்தியாகவே ஆகிவிடும். மூடிய நிலையில் பூட்டுவதற்கே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் வகை, வளைந்த பிடி. கை மேலிருந்து படியும்படி இதன் பிடி அமைந்திருக்கும். மணிக்கட்டு வளையாமல் நேராக நிற்பதால் நெடுநேர வேலையிலும் களைப்புக் குறைகிறது. இவற்றுட் சில வலக் கைக்கு மட்டுமே பொருந்துவன. இடக் கைப் பழக்கமுள்ளவர் அதற்கெனச் செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாதுகாப்பும் சுகமும் எப்போதும் ஒரே கத்தியில் சேர்ந்து வருவதில்லை என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அழுத்து பிடி பாதுகாப்பானது. ஆனால் வெட்டும் நேரம் முழுவதும் விரல்களை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இளம் வயதினருக்கு அது தோன்றாது. மூட்டு வலி உள்ளவருக்கும், களை எடுத்தும் நாற்று நட்டும் கை சோர்ந்து மாலையில் கூடத்திற்கு வருபவருக்கும் அதுவே பாரமாகும். களைத்த கை நழுவும் கை. எனவே எல்லாருக்கும் ஒரே கத்தி என்று தீர்மானிப்பது சரியன்று.

நாம் பரிந்துரைப்பது இதுவே: பலர் மாற்றி மாற்றிக் கையாளும் பொதுக் கத்திகள் அழுத்து பிடி உடையனவாக இருக்கட்டும். முன்னவர் மூடாமல் வைத்ததைப் பின்னவர் அறியாமல் எடுக்கும் ஆபத்து அதனால் பெரிதும் குறையும். விரலை இறுக்க இயலாத உறுப்பினர் இருந்தால் அவருக்கென வளைந்த பிடிக் கத்தி ஒன்றைத் தனியே ஒதுக்கி, அதனை அவர் ஒருவரே பயன்படுத்தட்டும். தம் கருவியைத் தாமே மூடி வைக்கும் பழக்கம் ஒருவரிடம் எளிதில் படியும்.

பிளேடின் அளவு

பிளேடின் விட்டத்தைக் கொண்டு கத்திகளை 18, 28, 45, 60 மில்லிமீட்டர் என்று விற்பார்கள். 18, 28 மில்லிமீட்டர் பிளேடுகள் வளைவான வெட்டுகளுக்கும் சிறு துண்டுகளுக்கும் ஏற்றவை. 60 மில்லிமீட்டர் பிளேடு தடித்த துணிக்கும் அதிக அடுக்குகளுக்கும் உதவும். ஆயின் கத்தியின் கனமும் கூடும். போர்வை வேலைக்கு நடுத்தரமான 45 மில்லிமீட்டரே பொதுவாகப் போதுமானது. மெல்லிய பருத்தித் துணியில் நான்கு அடுக்குகளைத் தடையின்றி அது வெட்டும். மேலும் மாற்று பிளேடு எளிதாகக் கிடைப்பதும் இந்த அளவில்தான். மாற்று பிளேடு கிடைக்காத கத்தி, எவ்வளவு மலிவாயினும், சில மாதங்களில் மூலையில் கிடக்கும் பொருளாகி விடும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

கத்தியை வாங்கப் பொருளாளர் ஒருவர் மட்டும் செல்லாமல், அதனைப் பிடிக்கப் போகிறவர்களுள் பெரிய கை உடையவர் ஒருவர், சிறிய கை உடையவர் ஒருவர் என இருவரேனும் உடன் செல்வது நலம். கடையில் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கலாம்.

1. பிளேடை மூடியபடியே கத்தியைப் பிடித்து மேசைமீது ஓர் அடி தூரம் உருட்டுவது போல் செய்து பார்க்கவும். மணிக்கட்டு பக்கவாட்டில் ஒடிந்து நின்றால் அந்தப் பிடி அவருக்குப் பொருந்தாது.

2. பிடியின் பின்முனை உள்ளங்கையின் நடுவில் குத்தக் கூடாது. உள்ளங்கையைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும்.

3. ஆள்காட்டி விரலை வைத்து அழுத்துவதற்குப் பிடியின் மேற்புறத்தில் சொரசொரப்பான இடம் இருக்கிறதா என்று பார்க்கவும். வியர்த்த கைக்கு வழவழப்பான பிடி உதவாது.

4. அந்த ஒரு கையாலேயே திறந்து மூட முடிய வேண்டும். மற்றொரு கையின் துணை வேண்டுமென்றால், அளவுகோலைப் பிடித்திருக்கும் கையை எடுக்க நேரும். பலர் மூடாமலே விட்டுவிடுவார்கள்.

5. மூடிய நிலையில் பிளேடின் விளிம்பு சிறிதேனும் வெளியே தெரிகிறதா என்று பார்க்கவும். தெரிந்தால் வாங்க வேண்டாம்.

6. பிளேடு பக்கவாட்டில் ஆடக் கூடாது. திருகை அளவாக முறுக்கியதும் ஆடாமலும், அதே சமயம் தடையின்றியும் சுழல வேண்டும்.

7. இடக் கைப் பழக்கமுள்ளவர் குழுவில் இருந்தால் பிளேடை மறுபக்கம் மாற்றிப் பொருத்த முடியுமா என்று கேட்கவும். பிளேடு அளவுகோலை ஒட்டிய பக்கத்தில் இருப்பதே முறை.

8. பிடி மஞ்சள், சிவப்புப் போன்ற பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் துணிக் குவியலுக்கிடையே எளிதாகக் கண்ணில் படும். இது அழகுக்காக அன்று, பாதுகாப்புக்காக.

கத்தியுடன் சேர வேண்டியவை

சுழல் கத்தியை மட்டும் வாங்கி வருவது, ஏர் வாங்கி மாடு வாங்காததற்கு ஒப்பாகும். இதனுடன் இரண்டு பொருள்கள் கட்டாயம் வேண்டும். அவற்றின் விலையையும் சேர்த்தே குழு திட்டமிட வேண்டும்.

ஒன்று, கட்டிங் மேட் எனப்படும் வெட்டு விரிப்பு. மேசை மீதோ சிமெண்டுத் தரை மீதோ நேராக வெட்டினால் பிளேடு உடனே மழுங்கும், வழுக்கவும் செய்யும். இந்த விரிப்பில் விழும் மெல்லிய கீறல்கள் தாமே கூடிக் கொள்ளும். வெப்பம் இதற்குப் பகை. வெயில் படும் திண்ணையில் காய வைத்தாலும், இதன்மீதே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தாலும் நெளிந்துவிடும். நெளிந்த விரிப்பு மறுபடி நேராவது அரிது. படுக்க வைத்தே பாதுகாக்க வேண்டும்.

மற்றொன்று, தடித்த அக்ரிலிக் அளவுகோல். பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய அளவுகோல் இதற்கு உதவாது; பிளேடு அதன்மீது எளிதில் ஏறி விரலை வெட்டும். இரும்பு அளவுகோலில் உரசினால் பிளேடின் கூர் சிதையும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, அடியில் துணி தெரியும் கண்ணாடி போன்ற அளவுகோலே தகுந்தது. விரல்களைத் தடுத்துக் காக்கும் உயர்ந்த விளிம்பு பொருத்திய அளவுகோல்களும் கிடைக்கின்றன. புதிதாகப் பழகுவோர்க்கு அவை நல்லவை. வெட்டுத் தாங்கும் கையுறை ஒன்றை அளவுகோல் பிடிக்கும் கைக்கு மாட்டிக் கொள்ளலாம். ஆயினும் கையுறை இருக்கிறதென்று விரலை விளிம்புக்கு அருகே கொண்டு செல்வது தகாது.

நிற்கும் நிலையும் வெட்டும் முறையும்

தரையில் உட்கார்ந்து துணி வெட்டுவது நம் வழக்கம். சுழல் கத்திக்கு அது பொருந்தாது. உட்கார்ந்தால் கத்தி முழங்காலை நோக்கி வரும்; தவழும் குழந்தையின் கைக்கும் எட்டும். நின்று கொண்டு வெட்டும்போது தோளின் பலம் மேலிருந்து நேராக இறங்குவதால் மணிக்கட்டுக்கு வருத்தமில்லை. மேசையின் உயரம், நிற்பவரின் மடக்கிய முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் முதுகு வளையாது. மேசை தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டைகளை வைத்து உயர்த்திக் கொள்ளலாம்.

அளவுகோலை விரித்த விரல்களால், விளிம்பினின்று நன்கு உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். பிளேடு துணிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். உடலை விட்டு அப்பால் தள்ளியே வெட்ட வேண்டும். தன்னை நோக்கி ஒருபோதும் இழுக்கக் கூடாது. நீளமான வெட்டாயின் பாதியில் கத்தியை நிறுத்தி, அளவுகோல் பிடித்த கையை மெல்ல முன்னே நகர்த்தி, பிறகு தொடர வேண்டும். துணியில் குண்டூசி இருந்தால் எடுத்துவிட வேண்டும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் வெட்டு வேலையை நிறுத்தித் தையல் வேலையைப் பார்ப்பது அறிவுடைமை.

பிளேடு மழுங்கினால்

மழுங்கிய பிளேடு ஆபத்தற்றது என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. மழுங்கிய பிளேடை அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும்; அதிகமாக அழுத்தும்போதுதான் அது அளவுகோலைத் தாண்டிப் பாய்கிறது. முன்னைவிட அழுத்தம் கூடுதலாகத் தேவைப்பட்டால் பிளேடை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெட்டுப் படாத நூல்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே குறை எங்கே என்பது விளங்கும். 45 மில்லிமீட்டர் பிளேடு ஒரு முறை முழுதாகச் சுழன்றால் ஏறத்தாழ 141 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம் செல்லும். ஐந்தரை அங்குலத்திற்கு ஒரு முறை நூல் வெட்டுப்படாமல் நின்றால் பிளேடின் ஓரிடத்தில் பல் விழுந்திருக்கிறது. எந்தத் துணியை வெட்டினாலும் விரிப்பின் ஒரே இடத்தில் மட்டும் நின்றால், குறை பிளேடில் இல்லை. அங்கே விரிப்பு பள்ளமாகி இருக்கிறது. இதனை அறிந்தால் நல்ல பிளேடை வீணே எறியும் செலவு மிஞ்சும்.

பிளேடை மாற்றும்போது கழற்றும் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே மேசையில் வைத்தால் திரும்பப் பொருத்துவதில் குழப்பம் வராது. படிந்துள்ள துணித் தூசியைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு இடலாம். திருகை மிகவும் முறுக்கினால் பிளேடு சுழலாமல் ஒரே இடத்தில் தேயும், தளர்த்தினால் ஆடும்.

பழைய பிளேடைக் குப்பையில் எறிவது பெருந்தவறு. வீடு வீடாகக் குப்பையைப் பெற்றுத் தரம் பிரிக்கும் தூய்மைக் காவலர் ஒருவரின் கையை அது கிழிக்கும். மூடியுள்ள தகர டப்பா ஒன்றின் மூடியில் கீறல் இட்டு, அதற்குள் பழைய பிளேடுகளைப் போட்டு வர வேண்டும். நிறைந்ததும் கீறலை ஒட்டி மூடி, வெளியே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, சொல்லித் தனியே ஒப்படைக்க வேண்டும். நம் கூடத்தின் பாதுகாப்பு, கூடத்தின் வாயிலோடு முடிந்து விடுவதன்று.

கூடத்தின் ஒழுங்கு

கத்திகளுக்கும் பிளேடுகளுக்கும் ஒரு சிறு பதிவேடு வைப்பது நலம். காலையில் எத்தனை கத்திகள் வெளியே வந்தனவோ அத்தனையும் மாலையில் எண்ணிப் பெட்டியில் பூட்டப்பட வேண்டும். பழைய பிளேடைக் கொடுத்தாலன்றிப் புதிய பிளேடு தருவதில்லை என்று வைத்துக் கொண்டால், கூடத்தில் பிளேடு எதுவும் கணக்கின்றிக் கிடக்காது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அம்மாவைத் தேடி நேரே கூடத்திற்குத்தான் வருவார்கள். வெட்டு மேசையை வாயிலுக்கு எதிரே போடாமல் சுவரோரமாகப் போடுவதும், வெட்டுகிறவரைப் பின்னாலிருந்து யாரும் தொட்டுக் கூப்பிடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்து கொள்வதும் எளியவை, பணச் செலவில்லாதவை.

காயம் பட்டால்

எவ்வளவு கவனமாக இருப்பினும் காயம் நேரலாம். ஓடும் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். இடையிடையே துணியை எடுத்துப் பார்க்கலாகாது. காபித் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் தூள் ஆகியவற்றை அப்பும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அவை காயத்தில் அழுக்கைச் சேர்க்கும். மருத்துவர் காயத்தின் ஆழத்தைக் காண்பதற்கும் இடையூறாகும். இரத்தம் நிற்காவிட்டாலும், காயம் வாய் பிளந்திருந்தாலும், விரல் மரத்துப் போனாலும், விரலை மடக்க இயலாவிட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரல் நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம். காலத்தில் தைத்தால் காப்பாற்றக் கூடியது, காலம் தாழ்த்தினால் விரல் உணர்வின்றிப் போகலாம். தனுர்வாயு ஊசி போட வேண்டுமா என்றும் கேட்டறிய வேண்டும். விரல் நுனி துண்டாகி விட்டால், அதனை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடி, அவ்வுறையைப் பனிக்கட்டிமீது வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி நேரே படக் கூடாது. 108 என்னும் எண்ணைக் கூடத்தின் சுவரில் எல்லாரும் காண எழுதி வைக்கலாம்.

முடிவாக

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு இயக்கம் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. சிறு சேமிப்பில் தொடங்கிய குழுக்கள் இன்று தொழில்களை நடத்தும் நிலைக்கு உயர்ந்துள்ளன. சேமிப்புக் கணக்கையும் கடன் கணக்கையும் பிழையின்றி எழுதக் கற்ற நம் மகளிர், கருவியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கையும் எளிதில் கற்பர். கத்தி வாங்கத் தீர்மானம் எழுதும்போது, இன்ன விலைக்கு வாங்குவது என்பதோடு நிறுத்தாமல், யார் யார் அதனைப் பயன்படுத்துவர், அவர்களுள் கைவலி உள்ளவர் யார், இடக் கைப் பழக்கமுள்ளவர் யார், பிளேடு தானே மூடுமா, மாற்று பிளேடு அருகில் கிடைக்குமா, விரிப்புக்கும் அளவுகோலுக்கும் பணம் ஒதுக்கியாயிற்றா என்னும் ஆறு கேள்விகளுக்கும் விடையைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுமாறு கேட்டுக் கொள்கிறோம்.

நல்ல கத்திக்கும் மலிவான கத்திக்கும் உள்ள விலை வேறுபாடு இரண்டொரு போர்வைகளின் இலாபத்தில் திரும்பி வந்துவிடும். தையற்காரியின் விரல் அவ்வாறு திரும்பி வருவதன்று. கடையில் கத்தியைக் கையில் எடுக்கும் போது இவ்வொரு கணக்கை முன்னிறுத்தினால், மற்றத் தீர்மானங்கள் எல்லாம் தாமே சரியாக அமையும்.